சம்பளமில்லாத காவல்காரர்கள்

தேக்கடிக் காட்டைக் காக்கப் பெண்கள் முறைவைத்து நடக்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. கூலி கேட்காத இந்த உழைப்பைப் பாராட்டுவது சுலபம். அது எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவசியம்.

குமுளிக் கடைவீதியிலிருந்து காட்டின் விளிம்பு அதிக தூரத்தில் இல்லை. அந்த விளிம்பைத் தாண்டி தினமும் ஐந்தாறு பெண்கள் ஒரு சிறு குழுவாக உள்ளே நடக்கிறார்கள். பச்சைச் சேலைதான் அடையாளம். கையில் துப்பாக்கி கிடையாது. வனத்துறையின் சம்பளப் பட்டியலில் பெயரும் கிடையாது. பொழுது சாயும்போது திரும்பி வந்து, பார்த்ததைச் சொல்லிவிட்டு, வீட்டில் உலை வைக்கப் போய்விடுகிறார்கள். மறுநாள் வேறு ஐந்தாறு பேர்.

வசந்த சேனை என்ற இந்தக் குழு 2002-ல் உருவானது. சுமார் நூறு பெண்கள். எல்லோரும் பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி வாழும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முறை வரும். அன்றைய கூலி வேலை போகும். கிடைப்பது என்ன என்று கேட்டால், ரூபாய்க் கணக்கில் சொல்ல எதுவும் இல்லை.

இயற்கையைக் காக்கத் தன்னார்வமாக உழைப்பது பற்றி மேடைகளில் நிறையப் பேசப்படுகிறது. ஜூன் 5 அன்று மரம் நட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. தேக்கடிப் பெண்களின் கதை வேறு மாதிரி. அவர்கள் செய்வது ஒருநாள் விழாவல்ல. வருடம் முழுவதும் நடக்கும் காவல். அதனால்தான் அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் சாலையில் இருக்கிறது ஏலப்பாறை. பெயரில் ஏலம் இருந்தாலும் சாலையின் இருபுறமும் கண்ணில் படுவது பெரும்பாலும் தேயிலைதான். 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த மலைகளில் தோட்டப் பயிர் ஏறத் தொடங்கியபோது, காட்டை வெட்டவும் கொழுந்து கிள்ளவும் கீழே தமிழ்ச் சமவெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஏலப்பாறை, பீருமேடு, வண்டிப்பெரியாறு வட்டாரத்து லயங்களில் இன்றும் தமிழ் கேட்கிறது. இந்தத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் பெரியாறு காடு தொடங்குகிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் காடு அன்னியமானது அல்ல. 1895-ல் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது, மேற்கே ஓடிய ஆற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களுக்குப் பாயும் அந்த நீர் முதலில் தேங்குவது தேக்கடி ஏரியில். ஏரிக்குத் தண்ணீர் பிடித்துத் தருவது அதைச் சுற்றியுள்ள காடு. அணையின் உயரம் குறித்து இரண்டு மாநிலங்களும் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் மோதின. அந்த வழக்குகள் செய்தியான அளவுக்கு, நீர்ப்பிடிப்புக் காட்டில் நடப்பவர்கள் செய்தியாகவில்லை. மேலூர்க்காரரின் நெல்லுக்கும் குமுளிப் பெண்ணின் ஒருநாள் நடைக்கும் தொடர்பு உண்டு என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

ஏரியைச் சுற்றிய காடு 1899-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1934-ல் நெல்லிக்காம்பெட்டி சரணாலயம் உருவானது. 1950-ல் பரப்பு கூடி பெரியாறு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 1978-ல் புலிகள் காப்பகம். நெடுங்காலம் 777 சதுர கிலோமீட்டராக இருந்த காப்பகத்தின் பரப்பு, பின்னர் 148 சதுர கிலோமீட்டர் சேர்ந்து 925 ஆனது. காகிதத்தில் பார்த்தால் நூறாண்டுக்கும் மேலான பாதுகாப்பு. ஆனால் 1990-களின் நடுவில்கூட நிலைமை அந்தக் காகிதத்தைப் போல இருக்கவில்லை.

அப்போது காட்டைச் சுற்றியிருந்தவர்களுக்கு வனத்துறை என்றால் வழக்கு, அபராதம், அடி. வனத்துறைக்கு ஊர்க்காரர் என்றால் திருடன். விறகுக்காகப் பெண்கள் உள்ளே போனார்கள். மாடுகள் மேய்ச்சலுக்குப் போயின. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வயணா என்ற, இலவங்க இனத்தைச் சேர்ந்த மரத்தின் பட்டைக்குச் சந்தை இருந்தது. அதை உரிக்கக் கும்பல்கள் பல நாள் காட்டுக்குள் தங்கின. பட்டை முழுவதும் உரிக்கப்பட்ட மரம் பிழைப்பதில்லை. உள்ளே தங்குபவர்களுக்குச் சாப்பாடு வேண்டும் என்பதால் வேட்டையும் கூடவே நடந்தது.

திருப்பம் 1996-ல் தொடங்கியது. உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் பணம் தர, 'இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டம்' ஏழு காடுகளில் அமலுக்கு வந்தது. பெரியாறு அவற்றில் ஒன்று. காட்டை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வேறு வருமானம் காட்டினால் காடு தப்பும் என்பது திட்டத்தின் அடிப்படை. இந்த யோசனை எல்லா இடத்திலும் எடுபடவில்லை. கர்நாடகத்தின் நாகரஹொளேயில் ஆதிவாசிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். தங்களைக் காட்டிலிருந்து நகர்த்தும் தந்திரமாகவே அவர்கள் அதைப் பார்த்தார்கள். பெரியாறில் மட்டும் கதை வேறு விதமாகப் போனது.

அதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. யாருக்கு எது பிரச்னை என்று இங்கே தனித்தனியாகப் பார்த்தார்கள். மன்னான், பளியர் குடியிருப்புகளில் மிளகு விளைந்தது. ஆனால் அறுவடைக்கு முன்பே அது வியாபாரிகளின் கடனுக்குப் போயிருந்தது. சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அந்தக் கடனிலிருந்து மீளவும், மிளகைக் குழுவாக விற்கவும் வழி செய்தன. மாடு மேய்த்தவர்களுக்கு ஒரு குழு. விறகு சுமந்தவர்களுக்கு ஒரு குழு. சபரிமலைப் பாதையில் கடை போடுகிறவர்களுக்கும் ஒரு குழு.

எல்லாவற்றிலும் அதிகம் பேசப்பட்டது வயணாக் கும்பல். வழக்குகளைச் சுமந்துகொண்டு ஒளிந்து வாழ்ந்த 23 பேர் வனத்துறையோடு சமரசத்துக்கு வந்தார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் அத்துப்படியாக இருந்த அவர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைத்தது. 1998-ல் தொடங்கிய 'புலித்தடம்' என்ற நடைப் பயணத்தில் சுற்றுலாப் பயணிகளை உள்ளே அழைத்துச்சென்று, கூடாரத்தில் தங்கவைத்து, சமைத்துப் போட்டு, பத்திரமாக வெளியே கொண்டுவருவது அவர்கள் பொறுப்பு. கட்டணத்திலிருந்து அவர்களுக்கு ஊதியம் போகும். கூடவே இன்னொரு பலன். பழைய தோழர்கள் எந்த வழியாக வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். திருடனைப் பிடிக்கத் திருடனை வைத்த பழைய உத்திதான். அது வேலை செய்தது.

வசந்த சேனை உருவானது இந்தச் சூழலில். தேக்கடியைச் சுற்றியிருந்த குழுக்களின் பெண்கள், காட்டில் நாங்களும் காவல் நடக்கிறோம் என்று முன்வந்தார்கள். அதுவரை விறகுக்கட்டோடு வெளியே வந்த அதே தடங்களில், விறகில்லாமல் நடக்கத் தொடங்கினார்கள்.

ஆயுதமில்லாத ஐந்து பேர் நடந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். காட்டுக் குற்றம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மரம் வெட்டச் சத்தமும் நேரமும் வேண்டும். கண்ணி வைத்தவன் அதைப் பார்க்க மறுபடி வந்தாக வேண்டும். இரண்டுக்கும் ஆளில்லாத காடு தேவை. யார் எப்போது எந்தப் பக்கம் வருவார்கள் என்று தெரியாத நிலை வந்துவிட்டால் திருடனின் கணக்கு தப்பிப்போகும். புதிதாக மிதிபட்ட புல், வெட்டுக் காயம், அணைந்த அடுப்பு, கம்பிச் சுருக்கு ஆகியவற்றைக் கண்டு சொன்னால் போதும். பிடிக்கும் வேலை வனத்துறையினுடையது.

இன்னொன்றும் உண்டு. பெண்கள் பார்ப்பது காட்டை மட்டுமல்ல, ஊரையும்தான். யார் வீட்டில் திடீரென்று இறைச்சி வேகிறது, எந்த முன்பின் தெரியாத ஆள் டீக்கடையில் உட்கார்ந்து வழி கேட்கிறான் என்பது வனக் காவலருக்கு எட்டுவதற்கு முன் கிணற்றடிக்கு எட்டிவிடும். அதோடு, மனைவி காவல் நடக்கும் காட்டில் கணவன் கோடரியோடு நுழைவது அத்தனை சுலபமல்ல.

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. பட்டை உரித்த ஆண்களுக்கு வழிகாட்டி வேலையும் ஊதியமும் கிடைத்தன. விறகு சுமந்த பெண்களுக்குச் சேவை என்ற பெயர் கிடைத்தது. ஆணின் உழைப்பு வேலை, பெண்ணின் உழைப்பு தொண்டு என்பது நம் வீடுகளில் பழகிய ஏற்பாடு. அதே ஏற்பாடு காட்டுக்கும் வந்துவிட்டதா?

இதற்கு எதிர்வாதம் உண்டு. ஊதியம் என்று வந்தால் அது அரசு வேலையாகிவிடும். யாருக்கு வேலை என்று கட்சிக்காரர்கள் முடிவு செய்வார்கள். நிதி வராத மாதம் காவலும் நிற்கும். எத்தனையோ அயல்நிதித் திட்டங்கள் பணம் தீர்ந்த அன்றே முடிந்துபோயின. உலக வங்கிப் பணம் வந்து நின்று ஆண்டுகள் பல ஆன பிறகும் வசந்த சேனையின் நடை நிற்கவில்லை. கூலி இல்லாததால்தான் அது நிலைத்தது என்று சொல்கிறவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மேலும், இந்தப் பெண்களின் குடும்பங்களுக்குக் குழுக்கள் மூலம் கடன், சுற்றுலா வேலை, கடை என்று பலன்கள் வந்திருக்கின்றன. காடு தங்களைக் காக்கிறது, அதனால் தாங்கள் காட்டைக் காக்கிறோம் என்ற கணக்கு அவர்களுக்கு விளங்காத ஒன்றல்ல.

ஆனால் அந்த வாதத்தை ஓர் எல்லைக்கு மேல் நீட்ட முடியாது. காப்பகம் பயணிகளிடமிருந்து பணம் வசூலிக்கிறது. 2004-ல் அமைக்கப்பட்ட பெரியாறு அறக்கட்டளை, நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கப்படும் கூடுதல் தொகையைக் கொண்டு சூழல் மேம்பாட்டு வேலைகளைத் தொடரும் ஏற்பாடு. வெளிநாட்டு நிதி நின்ற பிறகும் திட்டம் தப்பியதற்கு இது முக்கியக் காரணம். பணம் புரளும் ஒரு காட்டில் சம்பளமில்லாத உழைப்புக்கு மரியாதை மட்டும் போதுமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இந்த மலைகளில் தன்னார்வக் காவலுக்கு வேறொரு முன்னோடியும் உண்டு. அது இதற்கு நேர் எதிரானது. மூணாறுக்கு வடக்கே இரவிகுளம் புல்வெளிகளைத் தோட்டக் கம்பெனியின் வெள்ளைக்கார மேலாளர்கள் தங்கள் வேட்டைக்காடாக வைத்திருந்தார்கள். 1928-ல் அவர்களே வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். தோட்ட மேலாளர்கள் ஊதியமின்றி வார்டன்களாக இருந்தார்கள். முதுவர்கள் கூலிக்குக் காவல் பார்த்தார்கள். சுடுவதற்குத் தங்களுக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்பது தொடக்கத்தின் நோக்கம். காலப்போக்கில் அது வரையாட்டைக் காப்பதாக மாறியது. 1971-ல் கேரள அரசு நிலத்தை மீட்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. இன்று வரையாடுகள் மிக அதிகமாக வாழும் இடம் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்காதான்.

இரவிகுளமும் தேக்கடியும் சொல்வது ஒன்றுதான். காட்டில் தனக்குப் பங்கு இருக்கிறது என்று நம்புகிறவன்தான் அதைக் காக்க வருவான். துரைமாருக்கு அந்த நம்பிக்கை உரிமையிலிருந்து வந்தது. வேலியும் அவர்களுடையது, துப்பாக்கியும் அவர்களுடையது. குமுளிப் பெண்களுக்கு அந்த நம்பிக்கையைக் குழுக்களும் சில அதிகாரிகளின் பேச்சும் கொடுத்தன. அதிகாரிகள் மாறுவார்கள். பேச்சும் மாறும்.

பெரியாறு காப்பகத்தில் நடக்கும் இன்னொரு தன்னார்வப் பணி வாசகர்களில் பலருக்கு நேரடியாகத் தெரிந்திருக்கும். சபரிமலை இருப்பது இந்தக் காப்பகத்துக்குள்தான். மண்டல, மகரவிளக்குக் காலத்தில் லட்சக்கணக்கான பக்தர்கள் வருகிறார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசம். வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்மேடு வழியாக நடந்து போகிறவர்கள் புலிக்காட்டின் நடுவே போகிறார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் பாலிதீன் பையில் உப்பும் வெல்லமும் ஒட்டியிருக்கும். அந்த வாசனைக்கு மானும் யானையும் வரும். பை வயிற்றுக்குள் போகும்.

கேரளக் காவல்துறை அதிகாரி பி. விஜயன் முன்னின்று 2011-ல் தொடங்கிய 'புண்ணியம் பூங்காவனம்' இயக்கம், பக்தர்களையே துப்புரவுக்கு இறக்கியது. மலையில் சிறிது நேரம் குப்பை பொறுக்குவதும் வழிபாட்டின் பகுதி என்பது அதன் கருத்து. இருமுடியில் பிளாஸ்டிக் வேண்டாம், கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துச் செல்லுங்கள் என்பது கோரிக்கை. 41 நாள் விரதத்தில் எத்தனையோ கட்டுப்பாடுகளை ஏற்பவர்களுக்கு இதுவும் ஒரு கட்டுப்பாடு. சென்னையிலோ மும்பையிலோ இருந்து இருமுடி கட்டுகிறவர் காட்டுக்குச் செய்யக்கூடிய எளிய தொண்டு, வீட்டில் பூஜைப் பொருள்களைக் காகிதத்தில் மடிக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

நகரத்துத் தன்னார்வம் எப்படி நிலைக்கிறது என்பதற்குச் சென்னைக் கடற்கரை சாட்சி. 1988 முதல் அங்கே மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு இயங்குகிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நள்ளிரவில் மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளை நாயும் மனிதரும் எடுப்பதற்கு முன் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒரு தலைமுறை மாணவர்கள் படிப்பை முடித்துப் போனால் அடுத்த தலைமுறை வருகிறது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, விசைப்படகு வலைகள் மீது கேள்வி எழுந்தது. தினமும் நடந்து பார்க்க ஆட்கள் இருந்தால்தான் இப்படிப்பட்ட சாவுகள் உடனே கணக்குக்கு வரும்.

வேடந்தாங்கலின் கதை இன்னும் பழையது. ஏரியில் கூடு கட்டும் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, 1798-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்பும் இருந்தது, ஆதாயமும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

மேல்நாடுகளில் இது ஒரு நிறுவனமாகவே வளர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் 1926-ல் நார்ஃபோக் பகுதி இயற்கை ஆர்வலர்கள் அறக்கட்டளை அமைத்து, கிளே என்ற இடத்துச் சதுப்பு நிலத்தைப் பறவைகளுக்காகக் காப்பாற்றினார்கள். அதைப் பார்த்து மற்ற மாவட்டங்களிலும் அறக்கட்டளைகள் தோன்றின. வேலி கட்டுவது, பாதை சீராக்குவது, பறவை எண்ணுவது எல்லாம் அங்கே பெருமளவு தன்னார்வலர் வேலை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 1970 முதல் அதற்கென்று தனித் திட்டமே இருக்கிறது. ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதைக் கொடுக்கிறார்கள். குமுளியில் கொடுப்பது ஒருநாள் கூலியை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

அந்தக் குழப்பத்துக்கு இப்போது அவசரமும் சேர்ந்திருக்கிறது. இடுக்கியில் காட்டுக்கும் ஊருக்கும் இடையே இருந்த சமாதானம் கலைந்துகொண்டு வருகிறது. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, பெரியாறு காட்டில் விடப்பட்டது. ஒரு மாதத்துக்குள் மலை இறங்கிக் கம்பம் நகரத்துத் தெருக்களில் ஓடியது. தமிழக வனத்துறை ஜூன் 5 அன்று அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. 2025 மார்ச்சில் வண்டிப்பெரியாறு அருகே காயத்தோடு தோட்டங்களில் திரிந்த புலி, பிடிக்கும் முயற்சியில் வன ஊழியர்கள் மீது பாய்ந்தது. 17-ம் தேதி அது சுட்டுக் கொல்லப்பட்டது. ஏலப்பாறைத் தோட்டங்களுக்கும் அந்த இடத்துக்கும் அதிக தூரமில்லை.

விடியற்காலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கும் பெண்ணுக்குப் புலி பாதுகாக்கப்பட வேண்டிய தேசியச் சின்னமாகத் தெரியாது. எந்தப் புதருக்குப் பின்னால் இருக்கிறது என்பதே அவளுடைய கவலை. ஆடும் மாடும் போய், இழப்பீட்டுக்கு மாதக்கணக்கில் அலைய நேர்ந்தால், காவல் நடக்க வாருங்கள் என்று அவளை எந்த முகத்தோடு அழைப்பது? காட்டைக் காக்க மக்கள் முன்வருவது, காடும் அரசும் தங்களைக் கைவிடாது என்ற நம்பிக்கை இருக்கும் வரைதான். 1990-களில் சிரமப்பட்டுச் சம்பாதித்த அந்த நம்பிக்கை ஒரே மழைக்காலத்தில் அடித்துச் செல்லப்படலாம்.

கேரள வனத்துறை ஒரு விஷயத்தில் நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. வீட்டுக்குள் புகும் பாம்புகளைப் பிடிக்க, முன்பு துணிச்சலை மட்டும் நம்பி ஆட்கள் இறங்கினார்கள். சிலர் கடிபட்டுச் செத்தார்கள். 'சர்ப்பா' திட்டம் வந்த பிறகு தன்னார்வலருக்குப் பயிற்சி, கருவி, சான்றிதழ் என்று ஒழுங்கு வந்தது. செல்போனில் தகவல் சொன்னால் பக்கத்தில் இருக்கும் பயிற்சி பெற்றவர் வருகிறார். தன்னார்வலர் என்பதற்காக அவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை என்பதை இது காட்டுகிறது.

சட்டத்திலும் இடமிருக்கிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களை நியமிக்க வழி செய்கிறது. ஆனால் அந்தப் பதவி பெரும்பாலும் நகரத்துப் பிரமுகர்களுக்கே போகிறது. காட்டுக்குள் தினமும் நடக்கும் பெண்ணுக்கு ஏன் போகக் கூடாது? 2002-ன் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. பல ஊர்களில் அது பெயர்ப்பலகையோடு நிற்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம் ஒருபடி மேலே போய், காட்டையும் விலங்குகளையும் காக்கும் அதிகாரத்தையே கிராம சபைக்குத் தருகிறது. அங்கே காவல் என்பது தொண்டு அல்ல, உரிமை.

அந்தச் சட்டத்தின் கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை. பழங்குடியினர் அல்லாதவர், மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகள், காட்டை நம்பி வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். தோட்டக் கம்பெனியின் லயத்தில் பிறந்து, வேலை முடிந்தால் லயத்தையும் விட வேண்டிய தமிழ்த் தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடைப்பது அரிது. நான்கைந்து தலைமுறையாக மலையில் வாழ்ந்தும் அவருக்கு ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. காட்டில் பங்கில்லாதவரிடம் காட்டைக் காக்கச் சொல்வது, வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வது மாதிரிதான்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. எந்தக் காப்பகத்திலும் காவல் நடக்கும் தன்னார்வலருக்கு விபத்துக் காப்பீடு, அட்டை கடிக்காத காலணி, மழைக்கோட்டு, முதலுதவிப் பயிற்சி, நல்ல தகவல் தொடர்பு ஆகியவை அடிப்படை உரிமையாக வேண்டும். முறை நாளில் இழக்கும் கூலிக்கு ஈடாக, சம்பளம் என்று பெயர் வைக்காவிட்டாலும், அவர்கள் குழுவின் பொதுநிதிக்கு ஒரு தொகை சேரலாம். பயணிகள் கட்டும் கட்டணத்தில் அதற்கு வழியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பகத்தின் திட்டம் வகுக்கும் மேஜையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். எங்கே தீ பிடிக்கும், எந்தத் தடத்தில் ஆள் நடமாட்டம் கூடியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவைக் கேட்காமல் கால்களை மட்டும் பயன்படுத்துவது நஷ்டம்.

2005-ல் ராஜஸ்தானின் சாரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று தெரிந்தபோது நாடு அதிர்ந்தது. அங்கே காவலர்கள் இருந்தார்கள், ஜீப் இருந்தது, கணக்கெடுப்பும் ஆண்டுதோறும் நடந்தது. புலிகள்தான் இல்லை. அதையடுத்து சுனிதா நாராயண் தலைமையில் அமைந்த புலிப் பணிக்குழு, காட்டைச் சுற்றியுள்ள மக்களைப் பகைத்துக்கொண்டு புலியைக் காக்க முடியாது என்று எச்சரித்தது. பெரியாறு ஏற்கெனவே அந்தப் பாடத்தைப் படித்திருந்தது.

அந்தப் பாடத்தின் பெரும்பகுதியைப் பச்சைச் சேலைப் பெண்கள் தங்கள் கால்களால் எழுதினார்கள். இருபது ஆண்டுக்கு மேல் முறை தவறாமல் நடந்தவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களுடைய மகள்கள் படித்திருக்கிறார்கள், வேறு வேலைக்குப் போகிறார்கள். அம்மாவின் சேலையை வாங்கிக்கொள்ள மகள் முன்வருவாளா என்பது பாராட்டுப் பத்திரங்களைப் பொறுத்ததல்ல. அந்த நடைக்கு ஊரும் அரசும் என்ன மதிப்புத் தருகின்றன என்பதைப் பொறுத்தது. கீழே மதுரைச் சீமையில் மடை திறக்கிறவர்களும் அந்தப் பதிலில் சம்பந்தப்பட்டவர்கள்தான்.